கன்னிக்காலுக்கு ஒரு கண்ணாடி வீடு

ஒஸ்லோவின் ரொம்சோசில் நாற்பது வீட்டு யன்னல்களை ஒரே கிழமையில் கழற்றி எறியப்போகிறார்கள் என்று செபஸ்ரியன் சொன்னபோது அருளானந்தனுக்குத் தெய்வமே இறங்கிவந்து சொன்னமாதிரி இருந்தது. செபஸ்ரியன் அங்கே அடுக்குமாடிகளுக்கு வக்த்மேஸ்தர். எரிந்த பல்பு மாற்றுவது, பனி தள்ளுவது, திறப்பைத் துலைத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது எல்லாம் அவன்தான்.

"அண்ணை, ரெண்டு கண்ணாடி போட்ட மர யன்னல். சட்டம் கொஞ்சம் உக்கிப்போச்சு, கண்ணாடி அந்தமாதிரிக் கிடக்கு. எத்தினை வேணும்?"

"பத்து."

"பத்தோ? என்ன, வீடு கட்டப்போறியளோ?"

"ஓம். ஒரு தடிக்கு."

செபஸ்ரியன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். அருளானந்தனுக்கே சில நேரம் சிரிப்பு வரத்தான் செய்தது. ஐம்பத்திரண்டு வயதில், இருபது வருசம் நோர்வேயில் குளிர் தின்று, பத்து வருசம் பஸ் ஓட்டின மனிதன், பெருவிரல் மொத்தமே உள்ள ஒரு தடிக்கு வீடு கட்ட வெளிக்கிட்டால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள்? ஆனால் மனைவி சிறிதேவிக்கு முன்னால் சிரிக்கிற துணிவு அவருக்கு இல்லை.

தடியின் கதை இதுதான். அந்த வருசம், இரண்டாயிரத்து ஏழு ஆவணியில், அவர்களுடைய ஒரே பிள்ளை ஆரணிக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நிருஜனுக்கு ஹாமரில் கணினி வேலை. ரெயினில் ஒன்றரை மணித்தியாலத் தூரம். தாலிக்குப் பொன்னுருக்கிய நாளில் பெண் வீட்டு வளவிலும் ஈசான மூலையில், அதாவது வடகிழக்கில், கன்னிக்கால் ஊன்றவேண்டும். கன்னிக்கால் என்றால் முள்முருக்கந் தடி. அது தளிர்த்தால் பெட்டையின் வாழ்வும் தளிர்க்கும் என்பது நம்பிக்கை. ஒஸ்லோவில் எங்கள் சனம் இதற்கெல்லாம் மினக்கெடுவதில்லை. காட்டுக் கரையில் முறித்த ஏதோ ஒரு கொப்பைப் பூச்சாடியில் குத்தி, மஞ்சளைப் பூசி, மண்டபத்து மூலையில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போய்விடும்.

சிறிதேவியிடம் அந்த விளையாட்டு நடக்காது. கொழும்பிலிருந்து கலியாணத்துக்கு வந்த தங்கை யோகராணியைக் கொண்டு உண்மையான முள்முருக்கந் தடியே கொண்டுவரச் செய்தாள். ஈரப் பேப்பரில் சுற்றி, அதைக் கூறைச் சேலைக்குள் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்து யோகராணி கொண்டுவந்து சேர்த்தாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்திருந்தால் அவளுடைய பாடு என்னவாகியிருக்குமோ! குரோருட்டில் இருக்கிற தொடர்வீட்டின் பின்வளவில், வடகிழக்கு மூலையில், ஐந்து சுமங்கலிப் பெண்கள் நவதானியத் தண்ணீர் ஊற்றி அந்தத் தடியை நட்டார்கள். சொல்லிவைத்ததுபோல் ஒன்பதாம் நாள் அது மூன்று இலை விட்டது. சிறிதேவி அயல் முழுக்க அழைத்துக்கொண்டுவந்து காட்டினாள். பக்கத்து வீட்டு நோர்வீஜியப் பெண்ணும் வந்து பார்த்து, வடிவான தடி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புரட்டாதி முடிய முதல் உறைபனி விழுந்தது. மூன்று இலையும் வெந்நீர் ஊற்றினதுபோலக் கறுத்துத் தொங்கின.

"கிண்டி எடுத்துச் சாடியிலை வைச்சு வீட்டுக்கை கொண்டுவருவம்," என்றார் அருளானந்தன்.

"நட்ட காலைப் பிடுங்கிறதோ? வாயைக் கழுவுங்கோ. பிடுங்கினால் பிள்ளையின்ரை வாழ்வைப் பிடுங்கின மாதிரி."

"அப்ப என்ன செய்யிறது, தேவி? இது ஊரில்லை. மார்கழியிலை மைனஸ் இருபது போகும்."

"தடி வீட்டுக்கை வரேலாதெண்டால், வீட்டைத் தடியிட்டைக் கொண்டுபோங்கோ."

இப்படித்தான் கண்ணாடி வீடு கட்டுகிற அலுவல் தொடங்கியது.

ஐப்பசி மாதத்துச் சனி, ஞாயிறுகள் எல்லாம் அதிலேயே போயின. செபஸ்ரியன் தன்னுடைய வேலைத்தல வானில் யன்னல்களை ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றும் இரண்டு பேர் தூக்கவேண்டிய பாரம். மழை ஓயாமல் தூறியது. மேப்பிள் இலைகள் உழுத்து, மிதித்த இடமெல்லாம் வழுக்கியது. தடியைச் சுற்றி எட்டடிக்கு ஆறடி அளந்து கயிறு கட்டினார்கள். மண்ணை ஒரு முழம் கிண்டிச் சரளைக்கல் போட்டார்கள். கல்லுக்கு மேல் தடித்த மரச்சட்டம், சட்டத்துக்கு மேல் யன்னல். உக்கிய இடங்களைச் சீவி, நிறம் பூசி, வெடிப்புக்கெல்லாம் சிலிக்கன் பசை அடித்தார்கள். அருளானந்தனுக்கு மரவேலை தெரியாது. அளந்து வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் ஒரு விரல் குறைவாகவே வந்தது. செபஸ்ரியனுக்கு வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. இந்த மூலைக்கு வெயில் எங்கையிருந்து வரும்?"

"கிழக்காலை வரும். விடிய வரும்."

"உங்கடை ஊரிலை வரும். இஞ்சை பாருங்கோ, சூரியன் தெற்காலைதான் தலையைக் காட்டும். தெற்கை நிக்கிறது உங்கடை வீடு. வீட்டின்ரை நிழல் முழுக்க இந்த மூலையிலை. மார்கழியிலை ஒரு நிமிசம் வெயில் விழுந்தால் என்ரை பேரை மாத்திப்போடுங்கோ."

அருளானந்தன் நிமிர்ந்து பார்த்தார். அவன் சொல்வது சரிதான். பத்து வருசம் இந்தப் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டி, எந்த வளைவில் எந்த மாதம் வெயில் கண்ணைக் குத்தும் என்று தெரிந்தவர், தன் வளவில் மட்டும் ஊர்ச் சூரியனை நம்பிக்கொண்டு நின்றிருக்கிறார். குசினிக் கதவடியில் தேத்தண்ணித் தட்டோடு நின்ற சிறிதேவியிடம் மெல்லச் சொல்லிப்பார்த்தார்.

"ஈசான மூலையெண்டால் ஈசான மூலைதான். சூரியன் வந்தாலென்ன, வராட்டிலென்ன?" என்றாள் அவள். "செபஸ்ரியன், நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு இது விளங்காது. றோல்ஸைச் சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

"றோல்ஸ் எனக்கு வடிவா விளங்கும் அக்கா," என்று அவன் இரண்டைக் கையில் எடுத்தான். "அப்ப வெயிலை எங்கையெண்டாலும் வாங்கிக்கொண்டுதான் வரவேணும். ஹீற்றர் ஒண்டு வையுங்கோ."

ஹீற்றர் எங்கிருந்து வரும் என்று அருளானந்தன் யோசிக்குமுன்னமே சிறிதேவி மேல்மாடிக்குப் போய் ஆரணியின் அறையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எண்ணெய் நிரப்பிய, உருட்டுச் சில்லு வைத்த வெள்ளை ஹீற்றர். ஆரணி உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில், காலை அதன்மேல் போட்டபடி படிப்பாள்.

"பெட்டை குடியும் குடித்தனமுமாப் போட்டாள். அந்த அறைக்கு இனி என்னத்துக்கு ஹீற்றர்? அவளுக்காகத்தானே இஞ்சையும் எரியப்போகுது," என்றாள்.

அருளானந்தனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கார்த்திகை பிறக்க வீடு முடிந்தது. சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. உள்ளே குமிழ் பொலித்தீன் ஒட்டி, ஒரு பல்பு கொழுவி, குசினி யன்னலால் வயர் இழுத்து ஹீற்றரைப் போட்டதும் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்தது. நடுவில் மஞ்சள் நூல் கட்டிய தடி மொட்டையாய் நின்றது. காலை ஏழு மணிக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்து வேலைக்கு வெளிக்கிடுமுன் சிறிதேவி பனிச் சப்பாத்தும் தொப்பியுமாய்ப் போய் அதற்கு ஒரு செம்பு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, திருநீறு பூசி, நாலு வார்த்தை கதைத்துவிட்டு வருவாள். அருளானந்தன் குசினியில் நின்று அதைப் பார்ப்பார். அவளிடம் இருந்த அந்த நம்பிக்கையைப் பார்க்க அவருக்குப் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இது பட்டுப்போச்செண்டால் நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது," என்று ஒருநாள் அவள் சொன்னாள். சொன்ன விதத்தில் பகிடி இல்லை.

புதுவருசத்துக்கு ஆரணியும் நிருஜனும் வந்தார்கள். நிருஜன் மரியாதையான பெடியன். மாமா, மாமி என்று வாய் நிறையக் கூப்பிட்டான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தான். சிறிதேவிக்குத் தலைகால் புரியவில்லை. ஆரணி மட்டும் தாயோடு கண்ணாடி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அருளானந்தன் போய்ப் பார்த்தபோது அவள் கவிழ்த்த வாளியில் குந்தி, கால் இரண்டையும் ஹீற்றரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை ஹீற்றரை இஞ்சை கொண்டந்து வைச்சிருக்கிறியள்," என்றாள் சிரித்துக்கொண்டு.

"உள்ளுக்கை வா பிள்ளை. மருமோன் தனிய இருக்கிறார்."

"கொஞ்சம் இருந்திட்டு வாறன் அப்பா. இஞ்சை நல்ல சூடு."

அந்தக் கொஞ்சம் ஒரு மணித்தியாலம் ஆனது. அதை ஏன் என்று கேட்காமல் விட்டதை அருளானந்தன் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நொந்தார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை, மத்தியான ஓய்வில் டிப்போவில் இருந்து புட்டுப் பெட்டியைத் திறந்தபோது ஆரணி கைத்தொலைபேசியில் எடுத்தாள். வேலை நேரத்தில் அவள் எடுப்பதில்லை.

"அப்பா, அம்மாட்டைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

"என்ன பிள்ளை?"

"முந்தநாள் அவர் என்னைப் பல்கனியிலை விட்டுப் பூட்டிப்போட்டார்."

அருளானந்தனுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். சோறு கொதிக்கிற நேரத்தில் ஏதோ வாய்த்தர்க்கம். குப்பைப் பையை வைக்க அவள் பல்கனிக்குப் போயிருக்கிறாள். அவன் உள்ளே நின்று கதவைப் பூட்டியிருக்கிறான். கண்ணாடிக் கதவு. அவள் தட்டத் தட்ட, உள்ளே கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் வரும். சொக்ஸோடை நிண்டனான். பேந்து திறந்துபோட்டு, விளையாட்டுக்குத்தானே எண்டு சிரிக்கிறார். இது முதல் தரமில்லை அப்பா. மார்கழியிலையும் ஒருக்கா."

அருளானந்தனின் கையில் இருந்த புட்டு கையிலேயே இருந்தது. "நான் இப்பவே வாறன். பஸ்ஸை விட்டிட்டு வாறன்," என்றார்.

"வேண்டாம். மன்னிப்புக் கேட்டவர். இனிச் செய்யமாட்டாராம். ஒருக்காப் பாப்பம். அம்மாட்டை மட்டும் சொல்லாதேங்கோ. அவ அந்தத் தடியோடை படுகிற பாட்டைப் பாக்க எனக்கு..." அவள் முடிக்கவில்லை.

"சரி பிள்ளை. கொஞ்சம் பொறுத்துப் பார்," என்றார் அவர்.

சொல்லிவிட்டார். தன் வாயால்தான் சொன்னார். அவள் வரவேண்டாம் என்றபோது அவருக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வந்தது உண்மை. போய் அந்தப் பெடியனின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, சிறிதேவியிடம் சொல்லத் தேவையில்லை, நாளைக்கும் வழக்கம்போல பஸ் ஓட்டலாம். அந்த ஆறுதலுக்காக அன்று முழுக்க அவருக்குத் தன்மேலே அருவருப்பாக இருந்தது.

அதே கிழமை வெள்ளிக்கிழமை விடிய, முதல் பஸ் எடுக்க எழும்பியவர் குசினி யன்னலால் பார்த்தார். கண்ணாடி வீட்டில் ஆவியைக் காணவில்லை. கண்ணாடியெல்லாம் பனிப் பூப் பூத்து வெள்ளையாய்க் கிடந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் வயர் கொழுவிய செருகி உருகிக் கறுத்திருந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. எப்போது நின்றதோ, யாருக்குத் தெரியும்? செருகியை மாற்றி ஹீற்றரைத் திரும்பப் போட்டார். சிறிதேவி எழும்பி வரும்போது கண்ணாடியில் ஆவி பிடித்திருந்தது. வழக்கம்போல ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள்.

நாலாம் நாள் அவள் இல்லாத நேரம் பார்த்து அவர் தடியை நகத்தால் சுரண்டினார். பச்சை தெரியவேண்டிய இடத்தில் கபிலமாய், ஈரமாய், அழுகின உருளைக்கிழங்குபோல இருந்தது. கீழே சுரண்டினார், இன்னும் கீழே சுரண்டினார். எல்லாம் அதுதான். வெறும் தடி, இலையில்லாத மாதம். உயிரோடு நின்றாலும் செத்து நின்றாலும் பார்வைக்கு ஒன்றுதான். அவருக்கு மட்டும் தெரியும். மகளின் சங்கதியும் அவருக்கு மட்டும் தெரியும். இரண்டையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவர் மாசி முழுக்க பஸ் ஓட்டினார்.

"ஏன் சாப்பாடு இறங்குதில்லை? கொழுப்பு, கிழுப்புக் கூடிப்போச்சோ? டொக்ரரிட்டைப் போட்டு வாங்கோ," என்பாள் சிறிதேவி. போனார். டொக்ரர் எல்லாம் நல்லாய் இருக்கிறது என்றார்.

பங்குனியில், கூட வேலை செய்கிற குகநேசன் தாயின் ஆண்டுத் திவசத்துக்குக் கொழும்புக்குப் போனான். அருளானந்தன் அவனைத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னார். தடியின் விசயத்தை மட்டும்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? அக்காட்டை நேர சொல்லுங்கோவன்."

"நீ அவளைத் தெரியாமல் கதைக்கிறாய். கொண்டுவா. பெருவிரல் மொத்தம், இடுப்பளவு."

அவனும் கொண்டுவந்தான், பாவம். சிறிதேவிக்கு ஞாயிறு வேலை விழுந்த நாளில் அருளானந்தன் பழைய தடியை அலவாங்கால் நெம்பி எடுத்தார். அதே குழியில் புதியதை வைத்தார். மஞ்சள் நூலை முடிச்சோடு உருவி இதற்குப் போட்டார். திருநீறும் பூசினார். திருடப் போனவன்கூட இப்படிப் பயந்திருக்கமாட்டான். செத்த தடியைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வரவில்லை. கன்னிக்காலை ஆற்றில் விடவேண்டும். ஆல்னா ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். கரையோரம் முழுக்க இன்னும் ஐஸாய்க் கிடந்தது. திரும்பக் கொண்டுவந்து, கண்ணாடி வீட்டின் பின்பக்கம் மிஞ்சின பலகைகளுக்குக் கீழே செருகிவைத்தார்.

சித்திரை வருசப்பிறப்பன்று புதிய தடியில் பச்சையாய் ஒரு முனை வெடித்தது.

"இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ!" என்று சிறிதேவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வேலியால் எட்டிப் பார்த்தாள். அடுத்த கிழமை ஏழு இலை. சிறிதேவி அழுதாள், சிரித்தாள், பால் காய்ச்சி ஊற்றினாள். கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். "மைனஸ் இருபதைத் தாண்டி வந்திருக்குது பாருங்கோ, என்ரை பிள்ளையின்ரை கால்!" கோயில் பெண்கள் இரண்டு பேர் வந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அருளானந்தன் வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அவளுடைய சந்தோசத்தைப் பார்த்து, செய்தது நல்லதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்த மகிழ்ச்சி பத்து நாள் நின்றது.

சித்திரை கடைசி ஞாயிறு. காலையில் வெயில் எறித்து, பத்து மணிக்கு வானம் கறுத்து, ஆலங்கட்டி விழத் தொடங்கியது. சிறிதேவி இடியப்ப மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள். அருளானந்தன் குசினி மேசையில் உரித்த வெங்காயத்தோடு இருந்தார். தொலைபேசி அடித்தது. கை மாவாய் இருந்ததால் சிறிதேவி றிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டாள்.

"ஆர், பிள்ளையே? குரல் ஒருமாதிரிக் கிடக்கு, தடிமனோ? ... வீட்டை வரப்போறியோ? வாங்கோவன், இடியப்பம்தான் அவிக்கிறன். ... என்ன, நீ மட்டுமோ? ... எவ்வளவு நாளைக்கு? ... ஏன் மோனை, சண்டையே?"

அருளானந்தனின் கை நின்றது.

"இஞ்சை, அழாதை. நான் சொல்லுறதைக் கேள். கன்னிக்கால் தளிர்த்திருக்குது, தெரியுந்தானே? ஏழு இலை. இந்தக் குளிரைத் தாண்டித் தளிர்த்திருக்குது. உன்ரை வாழ்வுக்கு ஒரு குறையும் வராது. புருசன் பெண்சாதி எண்டால் நாலும் இருக்கும். ... இல்லை, இல்லை, வெளிக்கிடாதை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போறது கஷ்டம். முகத்தைக் கழுவிப்போட்டு அவனுக்கு என்னத்தையெண்டாலும் சமைச்சுக் குடு. ... ஓம். ஓம். வைக்கிறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். முகத்தில் ஒரு பெரிய காரியத்தைச் சமாளித்த களை.

"கேட்டனியளே? கோவிச்சுக்கொண்டு வரப்போறாவாம். நல்லகாலம், கால் தளிர்த்தது. இல்லாட்டில் நானும் பயந்துபோய் வா எண்டுதான் சொல்லியிருப்பன்."

தான் குத்தி வைத்த தடி. தான் கட்டின நூல். அதைக் காட்டித்தான் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"தேவி, கையைக் கழுவிப்போட்டு வந்து இரும்."

"மா காஞ்சுபோம்."

"காயட்டும். இரும். அந்தத் தடி பட்டுப்போச்சு."

"எந்தத் தடி?"

"கன்னிக்கால். தை மாசம் ஹீற்றர் நிண்டுபோன அண்டைக்கே பட்டுப்போச்சு. இப்ப நிக்கிறது குகநேசன் கொண்டந்த வேறை தடி. நான்தான் மாத்தினனான்."

அவள் சிரித்தாள். "பகிடி விடாதேங்கோ."

அவர் எழும்பி வெளியே போனார். ஆலங்கட்டி தலையில் விழ விழ பலகைகளைப் புரட்டி, செத்த தடியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடியில் யோகராணி சாய்வாய் வெட்டின வெட்டு அப்படியே இருந்தது. மஞ்சள் நூல் இருந்த இடத்தில் ஒரு வளையம் போலத் தடம். சிறிதேவி அதைக் கையில் எடுத்தாள். மாப் படிந்த நகத்தால் சுரண்டினாள். தோல் உதிர்ந்தது.

"ஐயோ," என்றாள். "அப்ப என்ரை பிள்ளைக்கு..."

"பிள்ளைக்குத் தடியாலை ஒரு கேடுமில்லை, தேவி. கேடு அந்த மனிசனாலை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பல்கனி, கண்ணாடிக் கதவு, தொலைக்காட்சி, விளையாட்டு என்று சிரித்தது, மார்கழியில் ஒருமுறை நடந்தது, எதையும் மறைக்கவில்லை. அவர் முடித்ததும் சிறிதேவி கேட்டாள்.

"எவ்வளவு நேரம் நிண்டவள்?"

"இருபது நிமிசம்."

"சப்பாத்து?"

"இல்லை. சொக்ஸ்."

"அண்டைக்கு எத்தினை மைனஸ்?"

"பதினைஞ்சு வரும்."

அவள் குசினி யன்னலால் பார்த்தாள். வெளியே வெள்ளையாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கண்ணாடி வீடு மட்டும் ஆவி படர்ந்து, பல்பு எரிந்து, உள்ளே பச்சை தெரிய நின்றது.

"இஞ்சை நாங்கள் தடிக்கு ஹீற்றர் போட்டு வைச்சிருந்தனாங்கள்," என்றாள் மெதுவாக. "அவளின்ரை ஹீற்றரை."

அருளானந்தன் தலை குனிந்தார்.

"உங்களுக்கு மூண்டு மாசமாத் தெரியும்."

"ஓம்."

"அவளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கொஞ்சம் பொறுத்துப் பார் எண்டு."

அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"நீங்களும் அனுப்பினியள். நானும் இப்ப அனுப்பிப்போட்டன்," என்றாள்.

மாக் கையோடு தொலைபேசியை எடுத்து எண்ணை அமத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அமத்தினாள். எடுக்கவில்லை. மூன்றாந்தரம் அடிக்கும்போது அவளுடைய வாய், "எடு மோனை, எடு மோனை," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அருளானந்தன் எழும்பிக் கார்த் திறப்பைத் தேடினார். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல், ரொட்டிக் கூடைக்குள், எங்கேயும் இல்லை. அவருடைய காற்சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

"பிள்ளை!" என்று சிறிதேவி கத்தினாள். "பிள்ளை, நான் சொன்னது பிழை. நான் சொன்னதெல்லாம் பிழை. ... காலுமில்லை, கத்தரிக்காயுமில்லை, நீ வா. ... ஓம், அப்பா சொல்லிப்போட்டார். ... அவன் எங்கை? கடைக்கோ? நல்லதாப் போச்சு. உடுப்பை எடு. பாஸ்போட்டை எடு. பேந்து எடுப்பம் எண்டு ஒண்டையும் விட்டிட்டு வராதை. ஸ்ரேசனிலை போய் நில், அப்பா காரிலை வாறார். ... மோனை, கேட்குதே? உள்ளுக்கை நில். வெளியிலை நிக்காதை."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. றிசீவர் முழுக்க மா. அருளானந்தன் கிட்டப் போனார். அவள் கையால் தள்ளிவிட்டாள்.

"நில்லாதேங்கோ. வெளிக்கிடுங்கோ."

அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கார் கண்ணாடியில் படிந்ததை வழித்துக்கொண்டிருந்தபோது, சிறிதேவி வீட்டுச் செருப்போடு பின்வளவுக்குள் இறங்கிப் போவது தெரிந்தது. கண்ணாடி வீட்டின் கதவை இழுத்துத் திறந்தாள். வயரைப் பிடுங்கினாள். ஹீற்றரை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கொதித்துக்கொண்டிருந்த சாமான். சட்டைக் கையை இழுத்துவிட்டுப் பிடித்திருந்தாள்.

"விடும், நான் தூக்கிறன்," என்று அவர் ஓடினார்.

"கொண்டுபோய் வைச்சது நான்தானே. கொண்டுவரவும் தெரியும்."

படியில் ஹீற்றர் இடிபட்டு இடிபட்டு மேலே போகிற சத்தம் கேட்டது. பிறகு மேல்மாடியில், கலியாணத்துக்குப் பிறகு இழுத்தபடியே கிடந்த திரை விலகியது. ஆரணியின் அறை யன்னல் திறந்தது.

அருளானந்தன் காரில் ஏறப்போனவர், பின்வளவைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வீட்டின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஆலங்கட்டி சரிவாய் உள்ளே அடித்து, அந்த ஏழு இலையிலும் பட்டுத் தெறித்தது. ஆறு மாசப் பழக்கம், கால் தன்பாட்டில் கதவைச் சாத்தப் போனது.

"அதை விடுங்கோ!" என்று மேலே இருந்து சிறிதேவி கத்தினாள். "அதை விட்டிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அறை சூடாகிக்கொண்டிருக்கு."